சுவரோரம் விட்டுப்போன டப்பாக்கள்

தேவைப்படும் குடும்பங்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவுப் பண்டகசாலைகளில், விநியோகம் முடிந்த பிற்பகலில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. வாசலைத் தாண்டி மதில் ஓரத்தில், அல்லது பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் இருக்கையில், சற்றுமுன் கொடுத்த பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போன இரண்டு மூன்று பொருட்கள் இருக்கும். ஒரு டின், ஒரு பொட்டலம், சில சமயம் பிரிக்காத பெரிய மாவு மூட்டை. அதைப் பார்த்ததும் உள்ளே வேலை செய்தவர்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "தேவை என்று வந்தவர்கள்தானே, கொடுத்ததை எடுத்துப் போனால் என்ன?" என்பார் ஒருவர். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று இன்னொருவர் பழமொழியை எடுத்துவிடுவார். மாட்டுக்குத் தீனி போட வேண்டியது வாங்கிப் போனவர்தான் என்பது அந்தப் பழமொழியில் வராது.

இந்தக் கோபம் நியாயமில்லாதது என்று சொல்வது எளிது. அந்தப் பொருட்கள் ஏன் அங்கே கிடக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுதான் பயனுள்ளது. டின்னுக்கு இழுத்துத் திறக்கும் வளையம் இல்லை, வாங்கியவரிடம் டின் வெட்டி இல்லை. காய்ந்த பயறு இரவெல்லாம் ஊறி, பிறகு ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். எரிபொருளை எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் அது கட்டுப்படியாகாது. ஐந்து கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையோடு பேருந்து ஏற முடியாது. இனிப்புப் பானப் புட்டி சர்க்கரை நோயாளிக்கு வந்திருக்கும். இறைச்சி டப்பா அதைத் தொடாத வீட்டுக்கு வந்திருக்கும். லேபிள் தெரியாத மொழியில் இருந்ததால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. இவை எதிலும் நன்றிகெட்டத்தனம் இல்லை. ஒவ்வொன்றும் பையைக் கட்டியவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

பைக்கும் ஒரு நியாயம் உண்டு

ஒரே மாதிரியான பைகளைக் கட்டிக் கொடுக்கும் முறையைக் கேலி செய்யக் கூடாது. இடம் சின்னது, வேலை செய்வோர் ஆறேழு பேர், வாசலில் வரிசை நீள்கிறது என்றால் பைதான் வேகமானது. "அவருக்கு மட்டும் ஏன் அதிகம்?" என்ற சண்டை வராது. கணக்கு எழுதுவதும் சுலபம்: நூறு பை கட்டினோம், தொண்ணூற்றாறு போனது. பேரிடர் நடந்த வாரத்தில், ஊரே கலைந்து கிடக்கும்போது, பை தவிர வேறு வழியும் இல்லை.

பையை நிரப்பக் கணக்கு ஒன்று வேண்டும். நிவாரணப் பணிகளில் உலகெங்கும் திட்டமிடப் பயன்படுத்தும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி. அதை எட்ட வழக்கமாகப் போடும் அடித்தளம் ஏறத்தாழ 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய். இவை மூன்றும் சேர்ந்தே 1,800 கிலோ கலோரியைத் தாண்டிவிடும். மிச்சத்தைக் காய்கறி, பால், முட்டை, சர்க்கரை போன்றவை நிரப்ப வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு என்று பெருக்கினால் தானியம் 4.8 கிலோ, பருப்பு 720 கிராம், எண்ணெய் 300 கிராம். காய்கறியும் பாலும் சேர்ந்தால் பை பத்துக் கிலோவை நெருங்கும். ஒரு வாரத்துக்கு என்றால் தானியம் மட்டுமே 11.2 கிலோ. இதை யார், எதில், எவ்வளவு தூரம் தூக்கிப் போவார்கள் என்பதைப் பை கட்டும் மேசையில் யாரும் யோசிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு முறை பெரிய பை என்பதைவிட, இரண்டு முறை சிறிய பை என்பது நடந்து வருவோருக்கு உதவும். வேலைக்குப் போவோருக்கோ அது இன்னொரு நாள் விடுப்பு. இரண்டு வழியையும் திறந்து வைத்து, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் சரி.

கணக்கு சரியாக இருந்தும் பை தோற்பதற்குக் காரணம், "நான்கு பேர்" என்று ஒரு குடும்பம் கிடையாது என்பதுதான். இரண்டு முதியவர், ஒரு மகள், ஒரு கைக்குழந்தை என்பதும் நான்கு பேர். வளரும் வயதில் மூன்று பையன்களும் தாயும் என்பதும் நான்கு பேர். முதல் வீட்டில் தானியம் தேங்கும், இரண்டாவது வீட்டில் இரண்டாம் நாளே தீரும். சராசரிக்குக் கட்டிய பை இரண்டு வீட்டுக்கும் பொருந்தாது. இன்னொன்று, பையின் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பது மேலே சொன்ன கணக்கு அல்ல, அந்த வாரம் அலமாரியில் என்ன தேங்கியிருக்கிறது என்பதே. மாவும் இனிப்பும் நூடுல்ஸும் தேங்கும். புரதமும் எண்ணெயும் எப்போதும் பற்றாக்குறை.

அலமாரியை அவர்கள் பக்கம் திருப்புவது

பைக்கு மாற்று, கடையில் எடுப்பதுபோல் வருகிறவர்களே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை. இதை முதன்முதலாகக் கேட்பவர் எல்லோரும் சொல்லும் மறுப்பு ஒன்றுதான்: "எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுவார்களே." நடைமுறையில் அதைத் தடுப்பது கடினமில்லை. அலமாரியை உணவு வகைப்படி பிரிக்க வேண்டும்: தானியம் மாவு ஒன்று, பருப்பு முட்டை இறைச்சி மீன் என்று புரதம் ஒன்று, காய் பழம் ஒன்று, பால் பொருள் ஒன்று, எண்ணெய் மசாலா ஒன்று, மற்றவை ஒன்று. ஒவ்வொரு அலமாரிக்கும் குடும்ப அளவைப் பொறுத்து எண்ணிக்கை வரம்பு. ஒன்றிரண்டு பேர் வீட்டுக்குப் பச்சை அட்டை, மூன்று நான்கு பேருக்கு மஞ்சள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் சிவப்பு என்று கொடுத்துவிட்டு, புரத அலமாரியில் "பச்சை 2, மஞ்சள் 4, சிவப்பு 6" என்று அதே நிறத்தில் பெரிதாக எழுதி ஒட்டினால் போதும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் நிறமும் எண்ணும் புரியும். வரம்பு வகைக்குத்தான், பொருளுக்கு அல்ல: நான்கும் பருப்பாக எடுப்பதா, இரண்டு முட்டைப் பெட்டியும் இரண்டு மீன் டப்பாவுமாக எடுப்பதா என்பது அவர் விருப்பம்.

எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, குடும்பத்துக்கு மொத்தம் இத்தனை புள்ளி என்று தரும் முறையும் இருக்கிறது. பொருளியல் படித்தவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் குழந்தையைச் சமாளித்துக்கொண்டு, பின்னால் வரிசை நிற்க, மனத்துக்குள் கூட்டல் கழித்தல் போடச் சொல்வது தொல்லை. சிறிய இடங்களுக்கு நிற அட்டையே நல்லது என்பது என் கட்சி.

வரிசை என்றதும் நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் தேர்வு முறையைத் தொடங்கிய இடங்கள் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான். மூன்று மணி நேரத்தில் 60 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இருபது, அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு குடும்பம். ஒரு குடும்பம் அலமாரிகளைச் சுற்றி வர 12 நிமிடம் ஆகும் என்றால், எந்த நேரத்திலும் உள்ளே நான்கு குடும்பம் இருக்க வேண்டும். நான்கு பேர் இடிக்காமல் நடக்கும் அளவுக்கு இடமும், கூடவே நின்று உதவ நான்கு தன்னார்வலரும் இருந்தால் போதும். ஆனால் அறுபது பேரையும் திறக்கும் நேரத்துக்கே வரச்சொன்னால், நான்கு நான்காக உள்ளே விட்டு, கடைசி நான்கு பேர் 168 நிமிடம் வெயிலிலோ மழையிலோ நிற்பார்கள். அதே அறுபது பேருக்கு அரைமணிக்குப் பத்துக் குடும்பம் என்று நேரம் குறித்துக் கொடுத்தால், ஒருவரும் அரைமணிக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. ஆளும் இடமும் ஒன்றும் கூடவில்லை. நேரத்துக்கு வர முடியாதவருக்கு, கடைசி அரைமணியில் சில இடங்களைக் காலியாக விட்டுவைக்க வேண்டும். பேருந்து தாமதமானதால் வீட்டில் அடுப்பு எரியாமல் போகக் கூடாது.

அடுத்த சிக்கல், முதல் ஒரு மணி நேரத்தில் எண்ணெயும் முட்டையும் காலியாகி, பின்னால் வருபவருக்கு மாவு மட்டும் மிஞ்சுவது. வரம்பு எண் தவறாகப் போட்டதால் வரும் கோளாறு இது. காலையில் கையிருப்பை எண்ணி, வரப்போகும் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரம்பைப் போட வேண்டும். சென்ற வார எண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதோடு, அரிதான பொருளை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் அலமாரியில் வைத்து, ஒவ்வொரு மணிக்கும் அடுத்த பங்கை வெளியே எடுக்க வேண்டும். காலியான அலமாரி அடுத்தவரைப் பதற வைத்து, தேவைக்கு மேல் எடுக்க வைக்கும். எனவே இருப்பது குறைவு என்றாலும் முன்வரிசைக்கு இழுத்து அடுக்கி வைக்க வேண்டும்.

கூடவே நிற்கும் தன்னார்வலர்தான் இந்த முறையை ஆக்குவதும் கெடுப்பதும். "இதை எடுங்க, உடம்புக்கு நல்லது" என்பதும், கூடைக்குள் எட்டிப் பார்த்து எண்ணுவதும், "போன வாரமும் இதுதானே எடுத்தீங்க" என்பதும் அலமாரியை மறுபடி பையாக மாற்றிவிடும். அவர் வேலை மூன்றே மூன்று: மேல் தட்டில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது, லேபிளை வாசித்துச் சொல்வது, வரம்பைக் கேட்டால் சொல்வது. எண்ணிப் பார்ப்பது வெளியே போகும் இடத்தில் ஒருவர் செய்தால் போதும். அதே இடத்தில் மாற்று மேசை என்று ஒரு சிறு மேசையைப் போட்டு, "வேண்டாததை இங்கே வைக்கலாம், வேண்டியதை இங்கிருந்து எடுக்கலாம்" என்று எழுதி வைத்தால், மதில் ஓரத்துக்குப் போகும் டப்பா அங்கேயே நின்றுவிடும். பை முறையை விட முடியாத இடங்களுக்கும் இந்த மேசை ஒன்றாவது வேண்டும்.

வாங்குகிறவருக்கே தேர்வை விடுவது பெரிய அளவிலும் செய்து பார்க்கப்பட்ட ஒன்று. ஜான் வான் ஹெங்கல் 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கிய செயின்ட் மேரிஸ்தான் முதல் உணவு வங்கி. மிஞ்சும் உணவைச் சேமித்து, தேவைப்படும் இடங்களுக்குக் கொடுக்கும் கிடங்கு அது. இந்த வங்கிகள் பெருகி, இன்று ஃபீடிங் அமெரிக்கா என்ற பெயரில் ஒரு பெரிய வலைப்பின்னலாக இருக்கின்றன. அங்கே நீண்ட காலம் மேலிருந்துதான் ஒதுக்கீடு. வரிசைப்படி அடுத்து இருக்கும் வங்கிக்கு, எந்த லாரி வருகிறதோ அதைத் தருவோம் என்பார்கள். 2005-இல் அதை மாற்றினார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் "பங்குகள்" என்ற பெயரில் உள்ளுக்குள் மட்டும் செல்லும் ஒரு நாணயத்தைக் கொடுத்து, வரும் சரக்கை ஏலத்தில் எடுக்கச் சொன்னார்கள். தேவை அதிகமுள்ள பகுதிக்கு அதிகப் பங்கு. யாரும் விரும்பாத சரக்கின் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகலாம், அதாவது எடுத்துக்கொள்பவருக்குப் பங்கு கூடும். இதை வடிவமைத்த குழுவில் இருந்த பொருளியலாளர் கேனிஸ் பிரெண்டர்காஸ்ட் பிறகு விரிவாக எழுதியிருக்கிறார். தானிய உணவுக்கு ஏலத்தில் போட்டி, எங்கும் கிடைக்கும் காய்கறிக்கு ஏறத்தாழ விலையே இல்லை. யாருக்கு எது வேண்டும் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டதுதான் அந்த மாற்றத்தின் அடிப்படை. வங்கிகளுக்குக் கொடுத்த அந்த மரியாதையைக் குடும்பங்களுக்குக் கொடுக்க மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடாதது.

பதிவு மேசையில் கேட்க வேண்டியது

வருமானச் சான்று, முகவரிச் சான்று, அடையாள அட்டை என்று அடுக்கினால் முதலில் கழன்றுபோவது ஏமாற்ற வந்தவர் அல்ல. அவரிடம் காகிதம் தயாராக இருக்கும். வாடகை வீட்டிலிருந்து நேற்று வெளியேற்றப்பட்டவர், கணவன் வீட்டை விட்டு உடுத்திய துணியோடு வந்தவர், அன்றாடக் கூலிக்குப் போகிறவர், இவர்களிடம்தான் எதுவும் இருக்காது. வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எந்த உணவு ஆகாது, சமைக்க அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கிறதா, எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டால் போதும். இந்த ஐந்துக்குமே அலமாரியில் வேலை இருக்கிறது. ஒரு கேள்வியின் பதிலை வைத்து நாம் எதையும் மாற்றிச் செய்யப் போவதில்லை என்றால் அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கக் கூடாது. பதிலை உரக்கக் கேட்காமல், பின்னால் நிற்பவருக்குக் காதில் விழாத தூரத்தில் மேசையைப் போட வேண்டும். புகைப்படம் எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஒருவரே இரண்டு மூன்று பண்டகசாலைகளில் வாங்குகிறார் என்ற புகார் எப்போதும் வரும். பெரும்பாலும் அது உண்மைதான். எந்த ஒரு பண்டகசாலையும் மாதம் முழுவதுக்கும் கொடுப்பதில்லை. மூன்று நாளைக்குக் கொடுத்துவிட்டு, மற்ற நாட்களுக்கு அவர் வேறு எங்கும் போகக் கூடாது என்பது என்ன நியாயம்? பக்கத்துப் பண்டகசாலைகளோடு பேசி, திறக்கும் நாட்களை வாரத்தில் பிரித்து வைத்துக்கொள்வதுதான் இதற்குப் பயனுள்ள பதில். சம்பளத்துக்கு முந்தைய வாரத்திலும், பள்ளி உணவு நின்றுபோகும் விடுமுறைகளிலும் கூட்டம் கூடும் என்பதையும் அப்போதே சேர்த்துத் திட்டமிடலாம்.

தரம் பிரிக்கும் மேசை

வெளியே தெரியாத வேலை இங்கேதான். நன்கொடைப் பெட்டி வந்ததும் மூன்று குவியல்: வைப்பது, உடனே கொடுப்பது, எறிவது. டின் உப்பியிருந்தால், கசிந்தால், மூடி விளிம்பிலோ பக்க மடிப்பிலோ நசுங்கியிருந்தால், விரல் உள்ளே போகும் அளவு ஆழமான ஒடுக்கு இருந்தால், துடைத்தும் போகாத துரு இருந்தால், கேள்வியே இல்லாமல் எறிய வேண்டும். மடிப்பு விரிசல் விட்டால் உள்ளே கிருமி போகும். அதில் மோசமானது கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து அது உண்டாக்கும் நஞ்சைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் புட்டியில் அடைத்த உணவை அன்போடு கொண்டுவந்தாலும் மறுக்க வேண்டியது இதனால்தான். நடுப்பகுதியில் லேசாக நசுங்கிய டின்னால் ஆபத்தில்லை. ஆனால் நசுங்கிய டின் நான்கும் ஒரே வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதியில்தான் அதிகக் குழப்பம். "இதற்கு முன் பயன்படுத்தினால் சிறப்பு" என்ற வகைத் தேதி சுவையையும் தரத்தையும் பற்றியது. உலர் பொருளும் டின்னும் அதைத் தாண்டியும் பெரும்பாலும் உண்ணத் தகுந்தவை. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக" என்பது பாதுகாப்பைப் பற்றியது, தாண்டினால் எறிவதுதான். குழந்தைப் பால்மாவுக்கு எந்த வகைத் தேதியானாலும் விலக்கு கிடையாது. உள்ளூர்ச் சட்டம் முதல் வகையிலும் கண்டிப்பாக இருந்தால் சட்டம்தான் முந்தியது. அனுமதி இருந்தாலும், தேதி தாண்டியதைத் தனித் தட்டில் வைத்து, அது ஏன் இன்னும் நல்லது என்று எழுதி ஒட்ட வேண்டும். சொல்லாமல் பைக்குள் போட்டால், வீட்டுக்குப் போய்த் தேதியைப் பார்க்கிறவருக்குத் தோன்றுவது "நமக்கு இது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்" என்பதுதான்.

அலமாரியில் முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பார்கள். நன்கொடைச் சரக்குக்கு அது பொருந்தாது. இன்று வந்த பெட்டியில் அடுத்த மாதம் முடியும் பொருளும் இருக்கும், இரண்டு வருடம் தாங்குவதும் இருக்கும். முதலில் முடியப் போவது முதலில் போக வேண்டும். பெட்டியின் மேல் மாதத்தையும் வருடத்தையும் தடித்த மார்க்கரால் எழுதி, பின்னால் இருந்து அடுக்கி, முன்னால் இருந்து எடுக்கவேண்டும். தரையிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரமும், சுவரிலிருந்து கை நுழையும் இடைவெளியும் விட்டால்தான் பெருக்கவும் எலிப் புழுக்கையைக் கண்டுபிடிக்கவும் முடியும். சோப்பும் கிருமிநாசினியும் உணவுக்கு மேல் தட்டில் ஒருபோதும் கூடாது. மாவிலும் தானியத்திலும் வண்டு ஒரு மூட்டையில் வந்தால் அறை முழுக்கப் பரவும். புதிதாக வந்த மாவை, இடம் இருந்தால், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் வண்டோடு அதன் முட்டையும் சேர்ந்து சாகும்.

மொத்த மூட்டையைப் பிரித்துச் சிறு பொட்டலம் போடும் இடங்களில் தவறுவது பெரும்பாலும் லேபிள். பொருளின் பெயர், மூல மூட்டையில் இருந்த தேதி, ஒவ்வாமைக் குறிப்பு மூன்றும் சிறு பொட்டலத்துக்கும் வர வேண்டும். கோதுமை மாவு அள்ளிய கரண்டியால் வேறு தானியத்தை அள்ளினால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவருக்கு அந்தப் பொட்டலம் பயன்படாது. அதனால் குளூட்டன் இல்லாததை நாளின் தொடக்கத்தில், மேசை சுத்தமாக இருக்கும்போதே கட்டி முடித்துவிட வேண்டும்.

குளிர்ப் பொருள் வாங்க ஆரம்பிக்கும் முன் தெர்மாமீட்டர் வாங்க வேண்டும். ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், ஃப்ரீசர் மைனஸ் 18. காலையும் மாலையும் எழுதி வைக்கும் தாள் கதவிலேயே தொங்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் எல்லை. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். எத்தனை மணிக்குப் போனது என்று தெரியாதபோதுதான் எல்லாவற்றையும் எறிய நேர்கிறது, ஆகவே மின்தடை நேரத்தைக் குறிக்க ஒரு ஆள் பொறுப்பு. சமைத்த உணவைப் பற்றி என் முடிவு கண்டிப்பானது: சிறிய பண்டகசாலை அதை வாங்கவே கூடாது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. விருந்து மண்டபத்திலிருந்து மிச்சம் வந்து சேரும்போதே அந்த நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். சூடாக வைக்கும் பெட்டி, வண்டி, உடனே பரிமாறும் இடம் எல்லாம் உள்ளவர்கள் செய்யட்டும்.

வீட்டுக்கு வீடு வேறு

அடுப்பே இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விடுதி அறையில், வண்டியில், உறவினர் வீட்டுக் கூடத்தில் இருப்பவர்கள். இழுத்துத் திறக்கும் டின், பிரித்ததும் உண்ணும் உணவு, கொதிநீர் ஊற்றினால் போதும் என்கிற பொருட்கள், ஒரு கரண்டி இவற்றுக்கு ஒரு தனித் தட்டு வேண்டும். டின் வெட்டியை மொத்தமாக வாங்கிக் கேட்பவருக்கெல்லாம் கொடுப்பது வீண்செலவு அல்ல. உப்பு குறைக்க வேண்டியவருக்கு, டின்னில் அடைத்த பயற்றை வடித்து ஓடும் நீரில் அலசினால் உப்பு கணிசமாகக் குறையும் என்பதை அந்த அலமாரியிலேயே ஒட்டலாம்.

கைக்குழந்தை உள்ள வீடு மிகக் கவனம் கேட்கிறது. பால்மாவை அலமாரியில் பொதுவாக அடுக்கி வைக்கக் கூடாது. தாய்ப்பால் மாற்று உணவுகளை விளம்பரப்படுத்துவது குறித்து உலக சுகாதார அமைப்பு 1981-இல் கொண்டுவந்த நெறிமுறை இலவச விநியோகத்தைக் கட்டுப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பால் கொடுத்துவந்தவர் இலவசப் பால்மாவுக்கு மாறி, சுரப்பு குறைந்தபின் விநியோகம் நின்றால் குழந்தை நடுத்தெருவில் நிற்கும். அதே சமயம், ஏற்கெனவே பால்மாவில் இருக்கும் குழந்தையின் தாயை வெறுங்கையோடு அனுப்பினால், இருப்பதை நீளச் செய்ய அவர் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பார். அது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கேட்டால் மட்டும், உள்ளே இருந்து, பிரிக்காத, தேதி உள்ள, குழந்தையின் வயதுக்கு உரிய டப்பாவைக் கொடுத்து, அன்றே சுகாதாரப் பணியாளரோடு தொடர்பு ஏற்படுத்துவதே வழி. பொடி கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

டயப்பர், சானிட்டரி நாப்கின், சோப்பு, பற்பசை. உணவு உதவிகள் பலவற்றில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் இவற்றுக்கு வேண்டிய பணம் உணவுப் பணத்திலிருந்துதான் போகிறது. ஒரு குடும்பம் பண்டகசாலையிலிருந்து எடுத்துப் போகும் எண்ணெயும் பருப்பும் அந்த வீட்டில் வாடகையாகவோ மருந்தாகவோ மாறுவதும் இதே வழியில்தான். கூலி போதாத வீட்டுக்குப் பண்டகசாலை கூலியைக் கூட்டித் தராது. அரசு உதவிக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒரு மேசையை வாசலருகே போடலாம், உட்காருவதும் உட்காராததும் அவர் இஷ்டம்.

கொடுப்பவர்களிடம் சொல்ல வேண்டியது

பண்டிகைக் காலத்தில் குவியும், பிறகு மூன்று மாதம் வறளும். குவியும்போது வருவதும் ஒரே வகை. "எது வேண்டுமானாலும் கொடுங்கள்" என்ற அறிவிப்பை விட்டுவிட்டு, இந்த வாரம் வேண்டியவை ஐந்து, இந்த வாரம் வேண்டாதவை இரண்டு என்று வாரம் ஒரு முறை எழுதுங்கள். வேண்டாதவற்றை எழுதத் தயங்கினால் அடுத்த வாரமும் நூடுல்ஸ்தான் வரும். பணமாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒருவர் கடையில் சில்லறை விலைக்கு வாங்கிக் கொடுக்கும் தொகையில், மொத்த விலையில் அதைவிட அதிகம் வாங்கலாம். எண்ணெய், முட்டை போன்று நன்கொடையாக வராதவற்றை அந்தப் பணத்தால்தான் நிரப்ப முடியும். கடைகள் வழக்குக்குப் பயந்து மிச்சத்தைக் குப்பையில் கொட்டுவது பல நாடுகளில் நடப்பது. அமெரிக்காவில் 1996-இல் வந்த ஒரு சட்டம் நல்லெண்ணத்தோடு கொடுப்பவரைப் பாதுகாக்கிறது. பிரான்சு 2016-இல், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் உண்ணத் தகுந்த உணவை அழிப்பதையே தடை செய்தது. உங்கள் இடத்தில் எது பொருந்தும் என்று பார்த்து ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேசினால் பேச்சு சுருங்கும்.

ஆண்டு முடிவில் நன்கொடையாளருக்கு "இத்தனை டன் கொடுத்தோம்" என்று அனுப்புவது வழக்கம். மதில் ஓரத்தில் கிடந்த டின்னின் எடையும் அந்த டன்னுக்குள் இருக்கிறது. எடைக்கணக்கை எழுதுங்கள், கேட்பார்கள். அதோடு ஒவ்வொரு விநியோக நாளுக்கும் ஒரு சாதாரண நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: எண்ணெயும் புரதமும் எத்தனை மணிக்குத் தீர்ந்தன, எத்தனை குடும்பம் பொருள் இல்லாமல் திரும்பியது, மாற்று மேசையில் என்னென்ன மிஞ்சின, கேட்டும் இல்லாத பொருள் எவை. இதை எழுத மாலையில் ஐந்து நிமிடம் ஆகும். அடுத்த மாதக் கொள்முதல் பட்டியலையும், கொடுப்பவர்களுக்கு எழுதும் "வேண்டாதவை இரண்டு" வரியையும் அந்த நோட்டைப் பார்த்தே எழுதிவிடலாம்.